ஒழுகும் குழாய்: வாஷரை மாற்றுவதா, செராமிக் குழாய்க்கு மாறுவதா?

சொட்டுச் சொட்டாக ஒழுகும் அரை அங்குலப் பித்தளைக் குழாயைப் பழுதுபார்க்க, மேல்தொட்டியின் கேட் வால்வை அடைத்து, மிச்ச நீரை வடித்துவிட்டு, ஸ்பேனரால் மேல்பகுதியைக் கழற்றினால், நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்த ரப்பர் வாஷர் கைக்கு வந்துவிடும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தத் துண்டை மாற்றினாலே பெரும்பாலும் ஒழுகல் நின்றுவிடும். அதன் பிறகும் சொட்டினால், வாஷர் அமரும் பித்தளை விளிம்பு அரித்திருக்கக்கூடும். அப்போது குழாயையே மாற்றுவது மேல்.

கால் சுற்றில் திறந்து மூடும் செராமிக் குழாயில், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரு தட்டுகளே நீரை நிறுத்துகின்றன. இறுக்கித் திருக வேண்டியதில்லை என்பதால் முதியோர் கைக்கு அது எளிது. ஆனால் மணல் துகள் புகுந்து தட்டில் கீறல் விழுந்தாலோ, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு படிந்து இறுகினாலோ, அத்தட்டுகள் அடங்கிய உள்பாகமான கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற நேரிடும். அதற்குப் பொருந்தும் அளவு தெருமுனை ஹார்டுவேர் கடையில் எப்போதும் கிடைப்பதில்லை.

ஆகவே உப்புநீர் வரும் கொல்லைப்புறக் குழாய்க்கு வாஷர் வகையையும், நாளெல்லாம் திறந்து மூடும் சமையலறைக்குச் செராமிக் வகையையும் பரிந்துரைப்பேன். எதை மாட்டினாலும், குழாயின் மரையை நம்மை நோக்கிப் பிடித்துக்கொண்டு கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை அதன்மேல் கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே அவிழ்ந்துவிடும்.