ஏதென்ஸின் இரண்டு பழஞ்சந்தைகள்: எதை முதலில் பார்ப்பது?

ஏதென்ஸ் நகரில், அக்ரோபோலிஸ் குன்றின் வடபுறச் சரிவுக்குக் கீழே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடக்கூடிய தொலைவில் இரண்டு பழஞ்சந்தைகளின் இடிபாடுகள் உள்ளன: கிரேக்கர்களின் பழைய அகோரா, ரோமானியர் காலத்து ரோமானிய அகோரா (அகோரா என்றால் கிரேக்க மொழியில் சந்தைத் திடல்). ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் பழைய அகோராவையே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரோமானிய அகோரா எளிதில் பிடிபடும். ஜூலியஸ் சீசரும் அகஸ்டஸும் அளித்த கொடையால் எழுந்த இந்தச் சந்தை, தூண்வரிசைகள் சூழ்ந்த ஒரே முற்றம். அதன் மேற்கு வாயிலில், எண்ணெய் வணிகம் பற்றிப் பேரரசர் ஹாட்ரியன் பிறப்பித்த ஆணை பொறிக்கப்பட்டுள்ளது. கிழக்கே உள்ள எண்கோணக் காற்றுக் கோபுரம் அருமையாக எஞ்சி நிற்கிறது. ஒரு மணி நேரம் போதும்.

பழைய அகோராவோ முதல் பார்வையில் ஏமாற்றமளிக்கலாம். வணிகம், ஆட்சிமன்றம், நீதி, வழிபாடு ஆகிய அனைத்தும் பல நூற்றாண்டுகள் ஒரே திடலில் நடந்ததால், இன்று அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அடித்தளங்களிலிருந்து சந்தையைப் பிரித்தறிவது கடினம். ஆனால் அந்தச் சந்தை எப்படி இயங்கியது என்பதற்கான சான்றுகள் இங்கேதான் கிடைத்தன. கி.மு. 375/374ஆம் ஆண்டின் நாணயச் சட்டக் கல்வெட்டு அவற்றில் தலையாயது. பணம் மாற்றுவோரின் மேசைகளருகே அமர்ந்து வெள்ளி நாணயங்களைச் சோதிக்க ஓர் அரசு அடிமை அமர்த்தப்பட்டிருந்தான் என்றும், உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் நாணயத்தை அவன் உடனே வெட்டிவிட வேண்டும் என்றும், அவன் நல்லதென ஏற்ற நாணயத்தை வாங்க மறுத்த வணிகரின் அன்றைய சரக்கு முழுவதும் பறிமுதலாகும் என்றும் அது கூறுகிறது. ஓர் அடிமையின் தீர்ப்பில் நகரத்தின் வணிகமே நின்றது என்பதை எண்ணும்போது அந்த அடித்தளங்கள் வேறாகத் தெரிகின்றன.

இதே பழைய அகோராவில், ஒவ்வொரு மாடியிலும் 21 கடைகள் கொண்ட அத்தலோஸ் தூண் மண்டபம் 1950களில் மீண்டும் கட்டப்பட்டதுதான். அதைக் குறையாகச் சொல்வோரும் உண்டு. எனினும், தூண்களின் நிழல் வாங்குவோருக்கும் விற்போருக்கும் என்னவாக இருந்திருக்கும் என்பதை உணர இதைவிட நல்ல இடம் இவ்விரு சந்தைகளிலும் இல்லை. உள்ளிருக்கும் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஹெபைஸ்டஸ் கோயில் நிற்கும் மேட்டில் ஏறினால் திடலின் அமைப்பு விளங்கும்.

இரண்டுக்கும் நேரமிருந்தால் பழையதிலேயே தொடங்கலாம். அத்தலோஸ் மண்டபத்தின் தென்முனையருகிலிருந்து ரோமானிய அகோராவின் மேற்கு வாயிலை நோக்கிச் சென்ற, கல் பாவிய பழைய தெருவின் ஒரு பகுதியை இன்றும் காணலாம்.