மேற்கையில் 14 நாள் ஒட்டியிருந்த சர்க்கரை வில்லை

கையில் ஒட்டிச் சர்க்கரை அளக்கும் வில்லைக்கு மார்த்தாண்டத்து மருந்துக் கடையில் சொன்ன விலை ஐந்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. "டீச்சரே, 14 நாளைக்கு விரலைக் குத்த வேண்டாம், போனைக் கைப்பக்கம் கொண்டுபோனா சர்க்கரை தெரியும்" என்றான் கடைத் தம்பி. இடது மேற்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வலிக்கவில்லை. குறையும் சொல்லப் போவதால் கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன்.

வில்லையின் அடியில் முடிபோல ஒரு இழை தோலுக்குள் இருக்கும். அதில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. வெங்காயத் தோலில் கறுப்பாகப் படியுமே, அந்தப் பூஞ்சையிலிருந்துதான் பெரும்பாலும் இதை எடுக்கிறார்கள். அது பார்ப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையே உள்ள நீரை. அதனால் எண் சில நிமிடம் பிந்தித்தான் வரும். முதல் நாள் எண்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மரச்சீனியும் சாளைக்கறியும். ஒரு மணி நேரத்தில் 189. மரச்சீனியை இனி அளந்துதான் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு. ஆனால் எனக்குக் காசு வசூலானது பெரிய வெள்ளியன்று. காலையிலிருந்து கட்டன் சாயாகூட இல்லை, கோயில் முடிந்து நாலு மணிக்குத்தான் கஞ்சியும் பயறும். அதுவரை போனில் சர்க்கரைக் கோடு 92க்கும் 100க்கும் நடுவே வயல் வரப்பு மாதிரி நேராகக் கிடந்தது. ஒன்றும் தின்னாதவளுக்கு இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? கல்லீரல் கொடுக்கிறது. சரி, கொடுத்ததைக் கல்லீரலே திரும்பப் பிடித்துவைக்காமல் இருப்பது எப்படி?

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள், இதில் கொஞ்சம் நின்றுதான் போவேன். உடம்புக்கென்று சொந்தமாக ஒரு சர்க்கரை அளவி உண்டு: குளுக்கோகைனேஸ், செல்லுக்குள் வரும் சர்க்கரையைப் பிடித்துவைக்கும் நொதி. தசையிலும் மூளையிலும் உள்ள இதன் பங்காளி நொதிகள், சர்க்கரை 20க்குக் கீழே இருந்தாலே பாதி வேகத்தைத் தாண்டிவிடும். இது 140ஐ ஒட்டி வந்தால்தான் பாதி வேகம் பிடிக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நம் சர்க்கரை ஏறி இறங்குகிற இடமும் அதுதான். அதனால்தான் இது அளவியாக வேலை செய்கிறது.

இந்த நொதிக்கு ஒரே மரபணுதான், ஆனால் செல் அதைக் கணையத்தில் ஒரு இடத்திலிருந்தும் கல்லீரலில் வேறு இடத்திலிருந்தும் படிக்கத் தொடங்குகிறது. அதனால் 465 அமினோ அமிலத்தில் தொடக்கத்தில் உள்ள பதினைந்து மட்டும் மாறும். இரண்டையும் தனியாக எடுத்து வேகம் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதில். கல்லீரலில் இதற்கென்று ஒரு காவல் புரதம் உண்டு. பட்டினி நேரத்தில் நொதியைப் பிடித்துச் செல்லின் உட்கருவுக்குள் பூட்டிவைக்கும். அதனால்தான் கல்லீரல் விடுகிற சர்க்கரை வெளியே போய்ச் சேருகிறது. அங்கே நொதி எவ்வளவு உண்டாக வேண்டும் என்பதும் இன்சுலின் சொல்வதுதான். கணையத்தின் பீட்டா செல்லில் இந்தப் பூட்டு இல்லை. அது எந்நேரமும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், 90ஐத் தாண்டினால் இன்சுலினை அவிழ்த்துவிடத் தொடங்கும்.

கஞ்சிக்குப் பின் ஒரு மட்டி வாழைப்பழம் தின்றேன். பழத்தின் ஃப்ரக்டோஸ் கல்லீரலுக்குள் போய் மாறி உண்டாகிற பொருள்தான் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி. கோடு 151 வரை ஏறி, ஆறு மணிக்குள் இறங்கிவிட்டது. மட்டியால்தான் இறங்கியது என்று சொல்லமாட்டேன், ஒரு நாள் கோட்டை வைத்து அப்படிச் சொன்ன பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இனி குறை. எட்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அலறியது, சர்க்கரை 58 என்று. வீட்டுக்காரர் "எழும்பு, எழும்பு" என்று உலுக்கி, கையில் கருப்பட்டித் துண்டோடு நிற்கிறார். எனக்கோ வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. பழைய மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 104. இடப்பக்கம் சரிந்து படுத்து வில்லையை அமுக்கியிருக்கிறேன், அமுங்கினால் எண் பொய்யாக இறங்கும். அட்டைப் பெட்டியிலோ போன் செயலியிலோ இதைத் தமிழில் ஒரு வரி போட்டிருக்கலாம். அவருக்கு அதற்கப்புறம் தூக்கமே இல்லை, கருப்பட்டி மட்டும் தீர்ந்தது. நம்மூர்ப் புழுக்கத்தில் பதினோராம் நாளே ஓரமும் பிய்ந்துவிட்டது, பிளாஸ்திரி போட்டுத்தான் ஓட்டினேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அந்த அலறலே உயிர் காக்கும், அவர்கள் கணக்கு வேறு. என்னைப் போல் மாத்திரையில் இருப்பவர்கள் ஒரு தடவை ஒட்டி, தங்கள் சாப்பாட்டின் கோட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். விரல் குத்தும் மெஷினைத் தூரப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். நான் இழுத்தேன், வட்டமாகத் தோல் உரிந்தது இன்னும் ஆறவில்லை.