வெயிலில் நிற்கும் வாசற்கதவு: பெயின்டா, ஸ்டெயினா?

வீட்டு வேலை முடியும் தறுவாயில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. ஆசாரி தேக்குக் கதவை இழைத்து முடித்துவிட்டார். இனி அதன் மேல் என்ன பூசுவது? எனாமல் பெயின்ட் அடித்துவிட்டால் கவலையே இல்லை என்பார் பெயின்டர். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மரத்தைப் பெயின்டால் மூடுவதா என்று ஆசாரிக்கு மனசு கேட்காது; ரேகை தெரியும்படி மரத்துக்குள் ஊறி நிறம் தரும் ஸ்டெயின் போதும் என்பார். கடைக்காரர் கண்ணாடி போல மின்னும் வார்னிஷ் டின்னை எடுத்து மேசையில் வைப்பார். மூவருமே பூசி முடித்த அன்று கதவு எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான் பேசுகிறார்கள். மூன்று மழைக்காலம் கழிந்த பிறகு அந்தப் பூச்சு எப்படிக் கெடும், கெட்டதைச் சரிசெய்ய எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை வைத்து முடிவெடுங்கள் என்கிறேன் நான்.

முதலில் வெயில் மரத்தை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மர நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். மரத்தின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் முதலில் சிதைப்பது இந்த லிக்னினைத்தான். சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, வெளிறிய நார் மட்டும் மேலே மிஞ்சும். கொல்லையில் கிடக்கும் பழைய பலகை சாம்பல் நிறமாகி, தடவினால் கையில் சிராய் ஏறுவது இதனால்தான். தேக்கும் இதற்கு விலக்கல்ல. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் அண்டாது, வெயில் அண்டும். ஆகவே எந்தப் பூச்சானாலும் அதற்கு இரண்டு வேலை: ஒளியைத் தடுப்பது, ஈரத்தின் போக்குவரத்தைக் குறைப்பது.

ஒளியைத் தடுப்பதில் பெயின்டை மிஞ்ச ஒன்றுமில்லை. அதிலுள்ள நிறமித் துகள்கள் கதிரை மரத்தின் மேல் விழவே விடுவதில்லை. இன்னொரு வசதி, எதையும் மறைக்கும். வேம்பும் நாட்டு மரமும் கலந்து செய்த ஜன்னல், ஆணித் துளை, ஒட்டுப் போட்ட பலகை, முடிச்சு எல்லாமே பட்டி பார்த்து பிரைமர் கொடுத்து இரண்டு கோட் எனாமல் அடித்தால் ஒரே முகமாகிவிடும். ஒழுங்காக அடித்தது ஐந்தாறு ஆண்டுகள் தாங்கும். நிழல் விழும் இடமானால் அதற்கு மேலும் நிற்கும்.

ஆனால் கெடும்போது எப்படிக் கெடுகிறது பாருங்கள். மரம் ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி அகலவாக்கில் உப்பும், சித்திரையில் சுருங்கும். நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. கதவில் நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால், இரண்டும் சேரும் மூட்டில் ஆண்டு முழுவதும் இழுபறி நடக்கிறது. எனாமலோ வயதாக ஆக இறுகிக்கொண்டே போகும் பொருள். அதனால் இழுபறிக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூட்டின் மேல் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். குனிந்து உங்கள் கதவின் அடிமூட்டைப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும். சாரல் அதற்குள் எளிதாக நுழையும். வெளியே வருவதுதான் கடினம். உள்ளே தங்கிய நீர் வெயில் ஏறும்போது ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். உரிந்த இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு அடித்தால் நிற்காது. சுற்றிலும் பிடிப்பு விட்டதையெல்லாம் சுரண்டி எடுத்து, பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

பழைய வீடாக இருந்தால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியை மத்திய அரசு 2016இல் கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அந்தப் பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும். தீப்பந்தம் போன்ற புளோ லாம்பால் பொசுக்கினால் ஈயப் புகையைச் சுவாசிக்க வேண்டியிருக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வேலையை நடக்கவே விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் கிடைக்கிறது. கீழே பிளாஸ்டிக் விரித்து, ஈரமாகவே தேய்த்து, விழும் சேற்றை அள்ளிக் கட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

ஸ்டெயினின் போக்கே வேறு. அது மரத்தின் மேல் படலமாக உட்காராமல் நாருக்குள் ஊறுகிறது. பழுப்பு, செம்பழுப்பு நிறங்களைத் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. அது கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. ரேகை தெரியும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருப்பதால் கொப்புளம் இல்லை, உரிதலும் இல்லை. வெளுப்பதுதான் அது கெடும் விதம். வெயில் நேராக விழும் கதவில் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிறம் இறங்கிவிடும். அப்போது கழுவி, காயவைத்து, லேசாக உப்புத்தாள் காட்டி, இன்னொரு கோட் கொடுத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்காரரே முடித்துவிடலாம். எப்போது கொடுப்பது என்பதைக் கதவே சொல்லும். கீழ்ப்பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் மரம் குடித்துக் கறுத்துவிட்டால் தூரிகையை எடுங்கள்.

ஸ்டெயினுக்கு மரம் நன்றாக இருக்க வேண்டும். வைரப் பகுதியும் வெளிர்ப் பகுதியும் கலந்த பலகை நிறத்தைத் திட்டுத் திட்டாக வாங்கும். பட்டி பார்த்த இடம் தனியாகத் தெரியும். மூட்டில் வழிந்த பசையை ஆசாரி ஈரத்துணியால் துடைக்காமல் விட்டிருந்தால், அங்கே மட்டும் ஸ்டெயின் ஏறாமல் வெளிறிய தழும்பு நிற்கும். ஸ்டெயின் அடிக்கப்போவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கடையில் கேட்கும்போதும் கவனம் வேண்டும். சிறு பாட்டில்களில் கிடைக்கும் ஸ்டெயின்களில் பல, அறைக்குள் இருக்கும் அலமாரிகளுக்கானவை. சாயம்தான், வெயிலுக்குத் தாங்காது. வெளிப்புற மரத்துக்கானது என்று டின்னிலேயே எழுதியிருப்பதை வாங்குங்கள்.

இனி அந்த மின்னும் வார்னிஷ். வெயிலும் சாரலும் படும் கதவுக்கு நிறமில்லாத வார்னிஷ் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒளி அதற்குள் புகுந்து மரத்தை எட்டும். அடியில் லிக்னின் சிதைந்ததும் பூச்சுக்குப் பிடிமானம் போய்விடும். மேலே படலம் நல்ல நிலையில் இருந்தாலும் கழன்று வரும். பெயின்டைப் போல உரிகிறது, ஆனால் பெயின்டைப் போலக் காப்பதில்லை. புற ஊதாத் தடுப்பு சேர்த்த பாலியுரித்தேன் வார்னிஷ் கூடுதல் காலம் நிற்கும் என்றாலும் கடைசியில் கெடுவது இதே வழியில்தான். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஏற்றும் பாலிஷ் மிக அழகானது. அதன் இடம் கூடத்துக்குள். தண்ணீர் பட்டால் வெள்ளை பூத்துவிடும். ஆளிவிதை எண்ணெயை மட்டும் தடவினால் நம் ஈரக்காற்றில் கரும்பூஞ்சை படரும்.

என் தீர்ப்பு மரத்தையும் இடத்தையும் பொறுத்தது. நல்ல தேக்கு அல்லது வேங்கை, மேலே போர்ட்டிகோ அல்லது சன்ஷேடு, ஆண்டுக்கொரு முறை கதவை உற்றுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறதா? ஸ்டெயின். கலப்பு மரம், ஒட்டுப் போட்ட பழைய கதவு, ஏணி வைத்து ஏற வேண்டிய மேற்குப் பார்த்த மாடி ஜன்னல் என்றால் பெயின்ட்டுக்குத் தயங்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் வாசலுக்கு ஸ்டெயின், மாடி ஜன்னல்களுக்கு எனாமல். இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் ஸ்டெயினில் தொடங்குங்கள். ஸ்டெயின் அடித்த கதவை, பூச்சு நன்றாக உலர்ந்த பிறகு, என்றைக்கு வேண்டுமானாலும் பெயின்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். பெயின்டிலிருந்து திரும்பி வருவது அப்படி அல்ல. எவ்வளவு சுரண்டினாலும் மரத்தின் நுண்துளைகளில் நிறம் தங்கிவிடும்.

எதை அடித்தாலும் பொங்கல் கழிந்து, மரம் ஈரம் இறங்கிய பிறகு அடியுங்கள். நேர்வெயில் விழும் நேரம் வேண்டாம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பிரைமரோ ஸ்டெயினோ தொடும் முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும். கதவைக் கீலில் மாட்டுவதற்கு முன்பே மேல்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் பூச்சு கொடுத்தாக வேண்டும். நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுனை இருப்பது அங்கேதான். தண்ணீரை மிக வேகமாக உறிஞ்சும் இடமும் அதுதான். மாட்டிய பிறகு அடியில் தூரிகை நுழையாது. அடிவிளிம்பு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்த பிறகே நிலையில் ஏற்றச் சொல்லுங்கள். எண்ணெய் கலந்த ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வெளியே தரையில் விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு குப்பையில் சேருங்கள்.