இரண்டு பேர் ஓட்டும் படகில் ஹைட்ரோவேன்: கேனரித் தீவிலிருந்து கேப் வெர்டி வரை

லாஸ் பால்மாஸிலிருந்து மிண்டேலோ வரை ஏறத்தாழ 860 கடல் மைல். 11, 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு சராசரி ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல் மைல்) வேகத்தில் போனால் ஆறரை நாள் ஆகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தத் தடத்தில் வடகிழக்கு வியாபாரக் காற்று பெரும்பாலும் 15 முதல் 25 நாட் வரை வீசும். போகும் திசை தென்மேற்கு என்பதால் காற்று முதுகுப் பக்கத்திலிருந்தே தள்ளும். ஓட்டம் சுகமானது. ஆனால் படகில் இரண்டே பேர் என்றால் புறப்படும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆறேழு இரவும் சுக்கானை யார் பிடிப்பது? மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என மாறி மாறிக் கையால் ஓட்டினால் இரண்டாம் இரவுக்குள் இருவரும் தளர்ந்துவிடுவார்கள். தூக்கம் கெட்டவர் எடுக்கும் முடிவுகள்தான் நடுக்கடலில் ஆபத்து.

மின்சார ஆட்டோபைலட் ஒரு விடை. காற்றின் விசையால் மட்டுமே இயங்கும் விண்ட்வேன் இன்னொன்று. அந்த வகையில் ஹைட்ரோவேன் 1968-ல் இங்கிலாந்தில் பிறந்த வடிவமைப்பு; இப்போது கனடாவிலிருந்து விற்கப்படுகிறது. நிலையான காற்றில், பாய்கள் சமன்செய்யப்பட்ட படகில், பல நாள் ஓட்டத்துக்கு இதைவிட நம்பகமான கருவியைக் காட்டுவது கடினம். இந்த நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் கொடுத்த காசு வீண்.

மானிட்டர், ஏரீஸ், விண்ட்பைலட் போன்ற பெரும்பாலான விண்ட்வேன்கள் படகின் சொந்தச் சுக்கானையே கயிறுகளால் இழுப்பவை. நீருக்குள் தொங்கும் துடுப்பைப் படகின் வேகம் பக்கவாட்டில் தள்ள, அந்த விசை கயிறு வழியாக ஸ்டியரிங் சக்கரத்துக்குப் போகும். ஹைட்ரோவேனின் வழி வேறு. படகின் பின்பலகையில் தனக்கென ஒரு சிறு சுக்கானை மாட்டிக்கொள்கிறது. மேலே துணி போர்த்திய அலுமினியச் சட்டம் காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். படகு திசை விலகினால் சட்டத்தின் ஒரு முகத்தில் காற்று மோதும், சட்டம் சாயும், அந்தச் சாய்வு உள்ளிருக்கும் இணைப்பு வழியாகச் சிறு சுக்கானைத் திருப்பும். படகின் பெரிய சுக்கான் கட்டிவைக்கப்பட்டுச் சும்மா இருக்கும். படகுக்குள் ஓடும் கயிறு இல்லை, கப்பி இல்லை, சக்கரத்தில் மாட்டும் டிரம் இல்லை. ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள படகுக்கும், ஓட்டுமிடம் நடுவில் அமைந்த படகுக்கும் இது பெரிய வசதி. அத்தகைய படகுகளில் கயிறு இழுக்கும் வகை சரியாக வேலை செய்வதே அரிது.

இதே அமைப்புதான் இதன் வரம்பும். கயிறு இழுக்கும் வகையில் விசையைத் தருவது ஓடும் நீர். படகு வேகமெடுக்க விசையும் பெருகும். ஹைட்ரோவேனில் காற்று சட்டத்தைத் தள்ளும் விசை மட்டுமே உண்டு. சிறு சுக்கானின் ஒரு பகுதி அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அதைத் திருப்ப அதிக பலம் வேண்டாம். ஆனாலும் கனத்த படகு பெருங்காற்றில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது அந்தச் சிறு சுக்கான் போதாது.

அதனால் வேலை பாயிலிருந்துதான் தொடங்குகிறது. முதலில் பாய்களை விரித்து, வேண்டிய திசையில் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்தை விட்டதும் படகு காற்றை நோக்கித் திரும்பினால் பெரும்பாய் அதிகம் என்று பொருள். ஒரு மடிப்புச் சுருக்க வேண்டும், அல்லது முன்பாயைக் கூட்ட வேண்டும். முன்பாயைக் கம்பு வைத்துக் காற்றுப்பக்கம் விரித்து, பெரும்பாயை இரண்டு மடிப்புச் சுருக்கி எதிர்ப்பக்கம் விடுவது இந்தத் தடத்துக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டு முன்பாய் இருந்தால் பெரும்பாயை முழுவதும் இறக்கிவிட்டு இரண்டையும் இருபுறமும் விரிப்பது இன்னும் நல்லது. இழுவிசை அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, போய்விடுவதால் படகு தானாகவே நேராக ஓடப் பார்க்கும்.

சமன் கிடைத்ததும் பெரிய சுக்கானை அந்த இடத்திலேயே பூட்ட வேண்டும். சக்கரத்தின் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். விடிந்து பார்த்தால் சக்கரம் கால் சுற்றுத் திரும்பியிருக்கும், பழி விண்ட்வேன் மேல் விழும். சக்கரத்தின் இரண்டு ஆரக்கால்களிலிருந்து இருபுறமும் கயிறு கட்டி இறுக்குவதே சரி. பிறகு, முடிவில்லாச் சுற்றுக் கயிற்றை இழுத்து, சட்டத்தின் விளிம்பைக் காற்றுக்கு நேராக்க வேண்டும். சிறு சுக்கானை இணைத்துவிட்டு ஐந்து நிமிடம் வேறெதையும் தொடாமல் பார்க்க வேண்டும். பலரும் பொறுக்காமல் சட்டத்தை உடனே திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அப்படிச் செய்தால் எது பாயின் குறை, எது சட்டத்தின் கோணம் என்று பிரித்தறிய முடியாது.

சட்டம் எவ்வளவு சாய்ந்தால் சுக்கான் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்கு மூன்று நிலைகள் உண்டு. நடுநிலையில் தொடங்குவது நல்லது. படகு திசையின் இருபுறமும் மாறி மாறி நெளிந்தால் சுக்கான் கூடுதலாகத் திரும்புகிறது என்று பொருள். நிலையைக் குறைக்க வேண்டும். விலகிய படகு திரும்பி வர வெகுநேரம் எடுத்தால் கூட்ட வேண்டும். சட்டத்தையும் செங்குத்தாகவோ பின்னால் சாய்த்தோ வைக்கலாம்: மென்காற்றில் செங்குத்து, 20 நாட் வேகத்துக்கு மேல் கொஞ்சம் சாய்வு. இந்தச் சாய்வை மறந்துவிட்டு, கருவி பதற்றமாக ஓட்டுகிறது என்று குறை சொல்பவர்கள் நிறைய.

பின்காற்றில்தான் எல்லா விண்ட்வேனுக்கும் சோதனை. உண்மைக் காற்று 18 நாட், படகு 6 நாட் என்றால் சட்டம் உணர்வது 12 நாட் காற்று. உண்மைக் காற்று 9 ஆகக் குறைந்து படகு 4 நாட் வேகத்தில் போனால் சட்டத்துக்குக் கிடைப்பது வெறும் 5. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் விசையில் ஏறக்குறைய ஆறு மடங்கு வேறுபாடு. அதனால்தான் 18 நாட் காற்றில் அருமையாக ஓட்டிய கருவி 9 நாட் காற்றில் தள்ளாடுகிறது. காற்றை நேர்முதுகில் வாங்காமல் 20, 25 டிகிரி பக்கவாட்டில் வைத்து ஓட்டினால் உணர்காற்று கூடும், பாய் எதிர்ப்பக்கம் அடித்துப் புரளும் ஆபத்தும் குறையும். தூரம் சற்று நீளும், பரவாயில்லை. இலேசான, அலைமேல் சறுக்கி ஓடும் இரட்டையுடல் படகுகளுக்கு ஹைட்ரோவேனைப் பரிந்துரைக்க முடியாததற்கும் இதே கணக்குத்தான் காரணம்: படகு திடீரென வேகமெடுக்கும்போது உணர்காற்று சுருங்கித் திசையும் மாறிவிடும்.

பின்னாலிருந்து வரும் அலையில் இருபுறமும் 15 டிகிரி வரை முகம் ஆடுவது இயல்பு. வரைபடத் திரையில் கோடு வளைந்து வளைந்து தெரியும்போது மனம் சங்கடப்படும். கணக்குப் பார்த்தால் அந்த ஆட்டத்தால் கூடும் தூரம் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. முழு ஓட்டத்துக்கும் சுமார் 15 மைல்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. இந்தக் கருவி காற்றைப் பின்பற்றுகிறது, திசைகாட்டியை அல்ல. காற்று 20 டிகிரி திரும்பினால் படகும் சத்தமில்லாமல் 20 டிகிரி திரும்பும். நான்கு மணி நேரம் யாரும் கவனிக்காவிட்டால் தடத்திலிருந்து ஏழெட்டு மைல் விலகியிருக்கும். நடுக்கடலில் அது பெரிய விஷயமில்லை. தீவுக்கு அருகில் கப்பலையே இழக்க வைக்கும். ஜி.பி.எஸ். கருவியில் தடவிலகல் எச்சரிக்கையை இரண்டு மைலுக்கு வைப்பதும், பெரும்பாய் எதிர்ப்பக்கம் அடித்துப் புரளாமல் அதன் அடிக்கம்பத்தை நுனியிலிருந்து அணியம் வரை கயிறு கொண்டு கட்டுவதும் விட்டுவிடக் கூடாதவை.

இந்தத் தடத்தில் கருவியை நம்பக் கூடாத இடங்கள் இரண்டு, தொடக்கமும் முடிவும். லாஸ் பால்மாஸ் இருக்கும் கிரான் கேனரியா தீவின் கிழக்குக் கரையில் மலை நெருக்குவதால் காற்று சில நூறு மீட்டருக்குள் 10, 15 நாட் கூடிவிடும்; தீவின் தென்மேற்கு மறைவில் அடியோடு செத்துவிடும். அங்கே இன்ஜின் போட்டால் உணர்காற்று முன்னாலிருந்து வரும், விண்ட்வேன் பயன்படாது. ஹைட்ரோவேனின் கைப்பிடியில் டில்லர் பைலட் எனும் சிறிய மின் ஆட்டோபைலட் ஒன்றை மாட்டி அதே சிறு சுக்கானால் ஓட்டலாம். இந்த ஏற்பாடு மிகவும் பயனுள்ளது. வாங்கும்போதே அதற்கான தாங்கியையும் கேட்டு வாங்குங்கள். மிண்டேலோவை நெருங்கும்போது சாவ் விசென்ட், சாந்தோ அந்தாவ் தீவுகளுக்கு இடையிலான கால்வாயில் காற்று மீண்டும் குவிந்து பாயும். வளைகுடாவுக்குள் மலைச்சரிவிலிருந்து இறங்கும் வீச்சும் சேர்ந்துகொள்ளும். கால்வாய்க்குள் நுழையும் முன்பே பாயைச் சுருக்கி, கருவியை விடுவித்து, கையில் எடுத்துவிட வேண்டும்.

மின் ஆட்டோபைலட் சராசரி 4 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட்டில் நாளொன்றுக்கு 96 ஆம்பியர் மணி. லித்தியம் பேட்டரியும் தாராளமான சூரியத் தகடும் உள்ள படகுக்கு இது தாங்கும் சுமை. ஆனால் குளிர்காலத்தில் சஹாராவின் தூசு இந்தக் கடலுக்கு மேல் நாள்கணக்கில் நிற்பதுண்டு. வானம் பழுப்பாகும், தகடுகளில் மெல்லிய மண் படியும், மின் உற்பத்தி சரியும். அந்த நாட்களில் விண்ட்வேனின் மதிப்பு தெரியும். இரண்டும் இருப்பதே சரி; ஒன்றுதான் முடியும் என்றால், பல நாள் ஓட்டத்தில் காற்றுக் கருவியையே தேர்ந்தெடுப்போம்.

இன்னொரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். சிறு சுக்கான் அவசரச் சுக்கானாகவும் உதவும். 2020 முதல் போர்த்துகல், ஸ்பெயின் கரையோரம் ஓர்க்காக்கள் படகுகளின் சுக்கானை உடைத்துவருவதால், கேனரிக்கு வந்து சேர்வதற்குள்ளேயே இது தேவைப்படலாம். அளவு சிறியது என்பதால் பாயைப் பாதியாக்கி, மெதுவாகத்தான் ஓட்ட முடியும்.

பொருத்துவதில் சிக்கனம் கூடாது. முப்பது கிலோவுக்கு மேற்பட்ட கருவி, அலை அடிக்கும்போது பலமடங்கு விசையோடு பின்பலகையை முறுக்கும். உள்பக்கம் கனமான தாங்குபலகை இல்லாமல் வெறும் வாஷர் வைத்து போல்ட் போட்டால் ஃபைபர் விரிசல் விடும். நடுவிலிருந்து ஓரமாகத் தள்ளிப் பொருத்தலாம். நீச்சல் ஏணியை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பின்புறம் சூரியத் தகடு வளைவோ தொங்கும் சிறுபடகோ இருந்தால் சட்டத்துக்குக் காற்று கலங்கியே வரும். குட்டைச் சட்டம் ஒன்றும் விற்கிறார்கள். இடம் போதும், மென்காற்றில் பலம் குறையும். சிறு சுக்கானைத் துறைமுகத்திலேயே மாட்டிவிட வேண்டும். வெளியே அலையில் தண்டுக்கு நேராகத் துளையைப் பிடித்து ஊசியைச் செருகுவது கையை நசுக்கும் வேலை. மாட்டும் முன்பே பாதுகாப்புக் கயிற்றைக் கட்டிவிடுங்கள்.

தினமும் காலையில் பார்க்க வேண்டியவை: தாங்கியின் போல்ட்கள், சுக்கான் ஊசி, சுற்றுக் கயிற்றில் தேய்மானம், சுக்கானில் சிக்கிய பாசி அல்லது வலைத் துண்டு. பிளாஸ்டிக் பேரிங்குகளுக்கு எண்ணெயோ கிரீஸோ போட வேண்டாம். தூசும் உப்பும் ஒட்டி இறுகும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே போதும், மிண்டேலோவில் முதல் வேலையாக அதைச் செய்யலாம். சட்டத்தின் துணி வெயிலில் இற்றுப்போகும். மாற்று ஒன்று கைவசம் இருக்கட்டும்.

விலை பல ஆயிரம் டாலர், தாங்கிகள் படகுக்கேற்பத் தனி. வார இறுதியில் கரையோரம் ஓட்டுபவர்களுக்கு இது தேவையே இல்லை. பழையது வாங்குவதென்றால் சுக்கான் தண்டு வளைந்திருக்கிறதா, அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நுழையும் இடத்தில் வெண்பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தை விரலால் சாய்த்தால் சுக்கான் தாமதமில்லாமல் திரும்ப வேண்டும். இடையில் ஆட்டம் தெரிந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது, அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.