ரெண்டே நாள்ல அக்செப்ட் ஆன என் கட்டுரை: மாஸ்டர்ஸ் பண்ற டீச்சருங்க கண்டிப்பா படிங்க

இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே வந்தேன். போன வாரம் எங்க ஸ்கூலுக்குப் புதுசா வந்த தங்கச்சி ஒருத்தி ஃபோன நீட்டி "அக்கா, எனக்கு ஒரு ஜர்னல்ல இருந்து அழைப்பு வந்திருக்கு பாருங்களேன்"னு சந்தோஷமா காட்டினா. பாத்ததும் வயித்தக் கலக்கிருச்சு. அதே "கிரீட்டிங்ஸ் ஆஃப் தி டே", அதே புகழ்ச்சி, என்ன ஏமாத்திக் காசு வாங்கின போலி ஜர்னல்ல இருந்து எனக்கு வந்த மெயில்ல பேர மட்டும் மாத்தின மாதிரி.

நான் கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில வேல செய்றேன், மாஸ்டர்ஸ் பார்ட் டைமா பண்றேன். மூணாம் ஆண்டு புள்ளைங்க ல, ள, ழ மூணையும் எங்கெங்க மாத்தி எழுதறாங்கன்னு ஒரு சின்ன ஆய்வு. 34 புள்ளைங்க, எட்டு வாரம், வாரா வாரம் சொல்வதெழுதுதல். ஸ்கூல் விட்டதும் காலி கிளாஸ்ல உக்காந்து "பள்ளி"ய "பல்லி"ன்னு எழுதினது எத்தன, "வாழை"ய "வாளை"ன்னு எழுதினது எத்தனன்னு செவப்பு பேனாவால கோடு போட்டுப் போட்டு எண்ணுவேன், வீட்டுக்குப் போக ஆறு மணி ஆயிரும். பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா அது என் உழைப்பு.

தீசிஸ் அனுப்பறதுக்கு முன்னாடி இண்டெக்ஸ் ஆன ஜர்னல்ல, அதாவது ஸ்கோப்பஸ் மாதிரி தரம் பாத்துச் சேக்கற பட்டியல்ல இருக்கற ஜர்னல்ல, ஒரு கட்டுரையாவது வரணும்னு எங்க ஃபேகல்டில கேட்டாங்க. நாள் நெருங்குது, அந்த நேரம் பாத்து மெயில் வருது. வெப்சைட்டப் பாத்தா எல்லாமே இருக்கு, ஐஎஸ்எஸ்என் இருக்கு, டிஓஐ இருக்கு, இம்பேக்ட் ஃபேக்டர் (ஜர்னல்ல வர்ற கட்டுரைகள மத்தவங்க எவ்வளவு மேற்கோள் காட்டறாங்கன்னு சொல்ற நம்பர்) ஆறுக்கு மேல, ரெண்டு ரிவியூவர், அதாவது கட்டுரைய சரிபாக்கற துறைக்காரங்க, பேர் தெரியாம படிப்பாங்கன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு, எடிட்டர் லிஸ்ட்ல முப்பது நாப்பது பேராசிரியருங்க. கட்டணம் 180 அமெரிக்க டாலர். யாரும் காசில்லாம படிக்கற மாதிரி வெளியிடற நல்ல ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களும் கட்டணம் வாங்கத்தான் செய்யும், அது உண்மை, அதனாலதான் எனக்கு சந்தேகமே வரல.

வியாழக்கிழமை ராத்திரி அனுப்பினேன். சனிக்கிழமை காலைல மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு நிக்கறேன், "அக்செப்டட்"னு மெயில் வந்துருச்சு. நின்ன எடத்துலயே கண்ணு கலங்கிருச்சு, வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். ரிவியூன்னு வந்தது ரெண்டே வரி, தலைப்பு நல்லா இருக்கு, இலக்கணத்த கொஞ்சம் பாத்துக்கோங்க, அவ்வளவுதான். அன்னிக்கே கிட்டத்தட்ட 800 வெள்ளி (ரிங்கிட்) ஒரு தனி ஆள் பேர்ல இருந்த அக்கவுண்டுக்கு அனுப்பிட்டேன், கட்டுரையோட உரிமைய அவங்களுக்குக் குடுக்கற காப்பிரைட் ஃபாரத்துலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அந்தக் கையெழுத்துதான் நான் செஞ்ச பெரிய தப்பு.

திங்கக்கிழமை பிரிண்ட் எடுத்துட்டு சூப்பர்வைசர்கிட்ட போனேன். "ரிவியூவர் என்னம்மா கேட்டாங்க?"ன்னார். ரெண்டு வரியக் காட்டினேன். ஒண்ணும் சொல்லாம பக்கத்தப் புரட்டினார், ரெண்டாவது அட்டவணைல விரல வச்சு நிறுத்தினார். "34 புள்ளைங்கன்னு எழுதியிருக்கீங்க, இங்க 43ன்னு இருக்கே, எதும்மா சரி?" டைப் பண்றப்ப எண்ண மாத்திப் போட்டிருக்கேன், அந்த அட்டவணைல இருந்த சதவீதம் எல்லாத்தையும் 43ஆல வகுத்திருக்கேன். அதுக்கும் மேல, அவங்க அனுப்பின பிடிஎஃப்ல தமிழ் எழுத்து வர வேண்டிய எடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமா இருந்துச்சு. ழகரத்தப் பத்தின கட்டுரைல ழகரமே இல்ல! ஒருத்தர், ஒரே ஒருத்தர், அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிச்சிருந்தாக்கூட அங்க நின்னிருப்பாரு. யாருமே படிக்கல. காசு போனதவிட இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல.

அப்புறந்தான் ஒவ்வொண்ணா தெரிய வந்துச்சு. ஐஎஸ்எஸ்என்ங்கறது ஒரு இதழ அடையாளம் காட்டற நம்பர், தரம் பாத்துக் கொடுக்கறது இல்ல. டிஓஐயும் அதே மாதிரி, முகவரி மாதிரின்னு வச்சுக்கோங்க. இம்பேக்ட் ஃபேக்டர கணக்குப் போட்டு வெளியிடறது கிளாரிவேட் நிறுவனம், அவங்க லிஸ்ட்ல இந்த ஜர்னலே இல்ல, இவங்க போட்டிருந்தது ஏதோ காசுக்கு நம்பர் விக்கற எடத்துல வாங்கினது. கூகுள் ஸ்காலர்ல வருதுன்னு நான் நம்பியிருந்தேன், அது தானா தேடிச் சேக்கற மெஷின், அதுல யார் கட்டுரையும் வரும். ஸ்கோப்பஸ்ல இருக்கான்னு பாக்க அவங்க தளத்துலயே சோர்ஸஸ்னு ஒரு பக்கம் இருக்கு, காசு இல்லாம ஐஎஸ்எஸ்என் போட்டுத் தேடலாம், அதுல எந்த வருஷம் வரைக்கும் சேத்திருக்காங்கன்னு பாருங்க, ஏன்னா பாதில நிறுத்தின ஜர்னலும் அதுல தெரியும். எடிட்டர் லிஸ்ட்ல இருந்த தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருத்தருக்கு மெயில் போட்டேன். மறுநாளே பதில், "என் பெயர் அதில் இருப்பதே எனக்குத் தெரியாது அம்மா"ன்னு.

இதுல நான் மட்டும் ஏமாந்தவ இல்லன்னு தெரிஞ்சது கொஞ்சம் ஆறுதல். 2013ல ஜான் பொஹானன்ங்கற அறிவியல் பத்திரிகையாளர் தப்பு தப்பா வேணும்னே எழுதின ஒரு போலிக் கட்டுரைய 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னலுக்கு அனுப்பிப் பாத்திருக்காரு, 157 ஜர்னல் ஏத்துக்கிச்சு. சயின்ஸ் இதழ்ல வந்த விஷயம் அது.

யாரும் ரிவியூ பண்ணாம வெளியிடறதே தப்புன்னு நான் சொல்ல வரல. 1991ல இருந்து ஆர்க்கைவ் (arXiv)னு கட்டுரை போடற இணையதளம் ஒண்ணு இயற்பியல், கணிதக்காரங்களுக்கு ஓடிட்டிருக்கு. அதுல பியர் ரிவியூ கிடையாது, அத அவங்களே வெளிப்படையா சொல்றாங்க, போடறதுக்குக் காசும் வாங்கறதில்ல, அங்க போட்ட கட்டுரைய அப்புறம் ஜர்னலுக்கு அனுப்பறவங்க ஏராளம். ஆனா இந்த ஜர்னல்காரங்க என்கிட்ட படிச்சோம்னு பொய் சொல்லி, அந்தப் பொய்க்குக் காசு வாங்கினாங்க.

கட்டுரைய எடுத்துருங்கன்னு எழுதினேன். எடுக்கறதுக்கு 150 டாலர் கேட்டாங்க. அட்டவணையையாவது திருத்துங்கன்னேன், அதுக்கு 50. நான் கட்டல. அடுத்த வாரமே அந்தத் தப்போட, கட்டம் கட்டமா, என் பேர் போட்டு ஏத்திட்டாங்க, இன்னிக்கும் அப்படியே இருக்கு. ஃபேகல்டி அத கணக்குல எடுத்துக்கல. ஒரு எடத்துல வெளிவந்த கட்டுரைய இன்னொரு ஜர்னலுக்கு அனுப்பவும் முடியாது, அதனால அந்த 34 புள்ளைங்களோட எட்டு வாரமும் போச்சு. வேற வகுப்புல, வேற சொல் எடுத்து, முதல்ல இருந்து செஞ்சேன். ஒரு செமஸ்டர் தள்ளிப் போச்சு. இந்த தடவ ஒழுங்கான ஜர்னல், நாலு மாசம் கழிச்சுதான் பதில் வந்துச்சு, ரெண்டு ரிவியூவர், மொத்தம் மூணு பக்கம். முதல் கேள்வியே "இந்தச் சொற்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள்?" அதப் படிச்சப்ப என் கட்டுரைய ஒருத்தர் படிச்சிருக்காருங்கற நெனப்பே எவ்வளவு பெருசா இருந்துச்சு தெரியுமா.

ஏற்கனவே அனுப்பினவங்க இருந்தா, காப்பிரைட் ஃபாரத்துல கையெழுத்துப் போடாதீங்க, இன்னும் போடலன்னா இன்னிக்கே வாபஸ்னு மெயில் எழுதி காப்பி வச்சுக்கோங்க. எடுக்கறதுக்குன்னு கேக்கற காசு ஒரு வெள்ளிகூட கட்டாதீங்க. காசு இப்பத்தான் போயிருக்குன்னா தாமதிக்காம பேங்குக்கும் மலேசியாவோட மோசடிப் புகார் எண்ணான 997க்கும் கூப்பிடுங்க, நான் வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வாரம் சும்மா இருந்துட்டேன். தமிழ்லயே எழுதறவங்க மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையோட தமிழ்ப் பேராய்வு இதழயும் பாருங்க.

அந்தத் தங்கச்சி அனுப்பல. அவ கட்டுரைய என்கிட்ட குடுத்திருக்கா, இன்னிக்கு ராத்திரி படிக்கப் போறேன், முதல்ல அட்டவணையக் கூட்டிப் பாப்பேன்.