திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளும் கேம் எது?

எனக்குப் பிடித்த வீடியோ கேம்களின் வாழ்நாள் பட்டியலில் முதலிடம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அதற்கு அடுத்து டெட்ரிஸ், மூன்றாவது தி விட்சர் 3, நான்காவது ஜிடிஏ வைஸ் சிட்டி. ஐந்தாம் இடத்துக்கு இரண்டு கேம்கள் இன்னும் மல்லுக்கட்டுகின்றன, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இப்படி ஒரு வரிசை போட்டே ஆக வேண்டிய நிலைமை போன வருஷம் வந்தது. டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து மயூர் விஹாரில் அதைவிடச் சின்ன வீட்டுக்கு மாறினோம். கன்சோலும் டிஸ்குகளும் பழைய கேம்களை வாங்கி விற்கும் பாலிகா பஜாருக்குப் போயின. மிஞ்சியது ஒரு லேப்டாப், அதில் கொஞ்சம் இடம். எதை வைத்துக்கொள்வது? கதை, இசை, கிராஃபிக்ஸ் என்று தனித்தனியாக மார்க் போட்டுப் பார்த்தேன். பிடித்த கேம்கள் என்பதால் எல்லாமே நல்ல மார்க் வாங்கின, ஒன்றும் தெளிவாகவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வியை வைத்தேன்: ஆறு மாதமோ ஒரு வருஷமோ தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், இந்த கேம் என்னைச் சேர்த்துக்கொள்கிறதா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு கேமை எடுத்தால் முடிக்கும்வரை வேறு வேலை இருக்காது. இப்போது மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வரும், ஊரிலிருந்து யாராவது வருவார்கள், குழந்தைக்குப் பரீட்சை வரும். இடைவெளி விழத்தான் செய்யும். அந்த இடைவெளியைத் தாங்குகிற கேம்தான் வாழ்நாள் முழுக்கக் கூட வரும்.

விட்சர் 3-ஐ மூன்றாம் இடத்துக்குத் தள்ள எனக்கு மனசே இல்லை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015-இல் கொண்டுவந்த கேம். பெரிய உலகத்தைக் கட்டிவிட்டு அதில் சில்லறை வேலைகளைத் தூவி வைப்பதுதான் பல திறந்த உலக கேம்களின் வழக்கம். இதில் ஓரத்தில் வரும் துணைக்கதைகூட யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது. பிளடி பாரன் (Bloody Baron) என்ற பிரபுவின் கதையை விளையாடியவர்களுக்குத் தெரியும். குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒருவன்மேல் கடும் கோபம் வருகிறது, அதே ஆளைப் பார்த்துப் பரிதாபமும் வருகிறது. எந்த முடிவை எடுத்தாலும் மனம் ஆறாது. முதல் தடவை விளையாடுகிற அனுபவத்தை மட்டும் எடைபோட்டால் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை.

ஆனால் பாதியில் விட்டுவிட்டுச் சில மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். வெலன் சதுப்பு நிலத்தில் நாயகன் கெரால்ட் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். பை நிறைய மூலிகை. எந்த எண்ணெயை எந்தப் பிசாசுக்காக வாளில் தடவ வேண்டும், எந்த பட்டனில் மந்திரம், யார் சொன்ன வேலைக்காக இந்தப் பக்கம் வந்தோம், எதுவும் ஞாபகம் இருக்காது. பழைய சேவ் ஃபைலை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்தான், ஆனால் தொடக்கப் பகுதிகளே பல மணி நேரம் இழுக்கும். நல்ல கதை கேம்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. அவற்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பாலிகாவில் எக்ஸ்சேஞ்ச் போடுவதே சரியான வழி. கடைக்காரர் டிஸ்கை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். நாம் ஒன்று சொல்வோம். கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த கதை கைக்கு வந்துவிடும்.

மறுவிற்பனை என்று பார்த்தால் என் முதலிடக்காரனுக்கு இதில் சைபர்தான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் இப்போதைய பதிப்பை நான் டிஜிட்டலாக வாங்கியிருக்கிறேன், அதை யாருக்கும் விற்க முடியாது. கேம் வாங்குவதில் மறுவிற்பனைதான் பெரிது என்பவர்கள் டிஸ்க் போடுகிற கன்சோலோடு நிற்பது நல்லது. எனக்கு விற்கிற எண்ணமே வராததால் அது உறுத்தவில்லை.

வைஸ் சிட்டி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2002-இல் வந்த கேமை நம் தலைமுறையில் சைபர் கஃபேயில் உட்கார்ந்து ஆடாதவர்கள் குறைவு. பேன்சர் என்று டைப் செய்தால் வானத்திலிருந்து விழுகிற டாங்கும், ரிமோட் ஹெலிகாப்டரில் குண்டு தூக்கிப்போய் வைக்கிற அந்தப் பாழாய்ப்போன மிஷனும் யாருக்கு மறக்கும்? திரும்பிப் போனால் உடனே கை பழகிவிடுகிறது, அதில் குறையில்லை. பைக்கில் கடற்கரையோரம் ஒரு சுற்று, டாங்கில் ஒரு சுற்று, அரை மணியில் ஆசை தீர்ந்துவிடும். அந்த ஊரின் உயிரே கார் ரேடியோவில் ஓடும் எண்பதுகளின் பாட்டுகள்தான். உரிமம் முடிந்ததால் பிந்தைய பதிப்புகளில் அவற்றில் சில இல்லை. நாம் நினைவில் வைத்திருக்கும் வைஸ் சிட்டி வேறு, இன்று கிடைப்பது வேறு.

முதலிடத்துக்கு உண்மையான போட்டி டெட்ரிஸ்தான். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. மேலிருந்து விழும், நான்கு சதுரம் கொண்ட ஏழு உருவங்களை அடுக்க வேண்டும், அவ்வளவே. இங்கே பொம்மைக் கடையில் விற்ற சின்ன பிரிக் கேம் வழியாகத்தான் பலருக்கு இது அறிமுகம். என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது: பத்து வருஷம் கழித்து வந்தாலும் பத்தாவது நொடியில் ஆட்டத்துக்குள் இருப்போம். அதன் ஆழமும் லேசில் தீராது. பழைய நின்டெண்டோ பதிப்பில் நிரலே திணறி நின்றுபோகும் கட்டம் வரை ஒரு மனிதர் ஆடிப்போனது 2023 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் அமெரிக்காவில் ஒரு 13 வயதுப் பையன் மூலமாக.

பிறகு ஏன் இரண்டாம் இடம்? டெட்ரிஸ் ஒவ்வொரு முறையும் என்னை அதே இடத்துக்குத்தான் கூட்டிப்போகிறது. அங்கே நான் தனியாகவும் இருக்கிறேன். எதிரெதிராக ஆடுகிற பதிப்புகள் உண்டு, ஆனால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம் இல்லையென்றால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும்.

சரி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வருவோம். ராஜ்ஜியம் கட்டிப் போரிடும் கேம், 1999-இல் டல்லாஸின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்தது. ஒரு டவுன் சென்டர், மூன்று வில்லேஜர், ஒரு குதிரைக்காரன். ஆடு மேய்த்து, மரம் வெட்டி, காட்டுப்பன்றியை இழுத்துவந்து, டார்க் ஏஜ் என்ற முதல் காலகட்டத்திலிருந்து கடைசியான இம்பீரியல் ஏஜ் வரை ஏறிப்போக வேண்டும். இதன் வழக்கமான ஆட்டத்தில் நினைவில் வைக்க வேண்டிய கதை இல்லை, விட்ட இடம் என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மேட்ச்சும் ஒரு முழு ஆட்டம். ராண்டம் மேப் என்பதால் தங்கம் எந்தத் திசையில், எதிரி எந்த மூலையில் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். மாறாதது அறிவு. ஈட்டிக்காரன் குதிரைக்காரனை அடிப்பான், குதிரைக்காரன் வில்லாளியை மிதிப்பான், வில்லாளி ஈட்டிக்காரனைத் தூரத்திலிருந்தே சாய்ப்பான். இந்த அறிவு விரலில் இல்லை, தலையில் இருக்கிறது. சைக்கிள் ஓட்டப் பழகின மாதிரி, விட்டுப்போவதில்லை.

பராமரிப்பு விஷயத்தில்தான் இந்த கேம் எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. பழைய கேம்கள் சாவது பிடிக்காமல் போவதால் மட்டுமில்லை. புது விண்டோஸ் வரும், கேம் திறக்காது. சர்வரை மூடுவார்கள், நண்பனோடு சேர முடியாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கும் அந்தக் கதிதான் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதைச் செய்த என்செம்பிள் ஸ்டூடியோஸையே 2009-இல் மூடிவிட்டார்கள். காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று தாங்களாகவே ஒரு கூடுதல் தொகுப்பைச் செய்து வெளியிட்டார்கள். 2013-இல் எச்டி பதிப்பு வந்ததும், அதே தொகுப்பு அதிகாரபூர்வ இணைப்பாக ஆனது. நம் டெல்லியோடு சேர்த்துப் பேசப்படும் பிருத்விராஜ் சவுகானுக்கு ஒரு கேம்பெயின் (அவர் கதையைத் தொடர் மேட்ச்சுகளாக ஆடுவது) கிடைத்தது அதில்தான். 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தது. இன்றுவரை புது நாகரிகங்கள் (நாம் தேர்ந்தெடுத்து ஆடும் மக்கள் கூட்டங்கள்), திருத்தங்கள், சமன்படுத்தல்கள் என்று வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு வருஷம் விட்டுவிட்டு வந்தால் எனக்குத் தெரிந்த ஊர் அப்படியே இருக்கும், கூடவே புதிதாக இரண்டு தெருக்களும் இருக்கும்.

2022-இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா இணைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை இந்தியர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்ததைப் பிரித்து, ஹிந்துஸ்தானிகள், கூர்ஜரர்கள், வங்காளிகள், திராவிடர்கள் என்று நான்கு நாகரிகங்களாக ஆக்கினார்கள். திராவிடர்களைத் தேர்ந்தெடுத்து வில்லேஜரைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் வருகிறது. டெல்லியில் வளர்ந்து, தெருவில் ஹிந்தியும் வீட்டில் தமிழுமாக இருந்த எனக்கு, பையனாக ஆடிய அதே கேமுக்குள்ளிருந்து தமிழ் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. சுருள்வாளை உருமி என்றே பெயர் வைத்துக் காலாட்படைக்குக் கொடுத்திருக்கிறார்கள், கப்பலுக்குத் திரிசடை என்று பெயர். ராஜேந்திர சோழனுக்குத் தனி கேம்பெயினே இருக்கிறது.

ஆட்ட பலத்தில் திராவிடர்கள் தண்ணீருக்கு ஏற்ற கட்சி. அடுத்த ஏஜுக்கு ஏறும்போதெல்லாம் 200 மரம் இலவசம், மீனவர்கள் அதிகம் சுமப்பார்கள். நைட் குதிரைப்படை கிடையாது என்பதால் அரேபியா மாதிரி திறந்த வெளி மேப்பில் மூச்சு முட்டும். புதிதாக வருகிறவர்கள் பாசத்தில் நேரே இவர்களை எடுக்காமல், ஃபிராங்க்ஸ் அல்லது பிரிட்டன்ஸில் கை பழகிவிட்டு வருவது நல்லது.

டெட்ரிஸால் தர முடியாத ஒன்று இதில் இருக்கிறது: சமமில்லாதவர்கள் சேர்ந்து ஆடலாம். சென்னையில் இருக்கும் என் அத்தை பையன் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். என் அக்கா மகள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். மூவரும் ஒரே அணியாகக் கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடுகிறோம். இரண்டு பேர் ஒரே நிறத்தை எடுத்துக்கொண்டு ஒரே ராஜ்ஜியத்தைப் பகிர்ந்து ஆளவும் இதில் வசதி உண்டு. நானும் அக்கா மகளும் அப்படி ஆடும்போது அவள் வயல் போடுவாள், மதில் கட்டுவாள், மார்க்கெட் வழியாக அத்தை பையனுக்குத் தங்கம் அனுப்புவாள். நான் படையைப் பார்த்துக்கொள்வேன். “மாமா, மேற்கு வாசல்ல யானை வருது” என்று அவள் கத்தும்போது அது வெறும் உதவி இல்லை. அந்தத் தகவல் வராவிட்டால் தோற்றுவிடுவோம். புதியவருக்கும் உண்மையான பொறுப்பு தருகிற கேம்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆன்லைன் ரேங்க் போட்டிகளில் நான் அதிகம் இறங்குவதில்லை. அங்கே முதல் பத்து நிமிடத்தின் ஒவ்வொரு நொடிக்கும் மனப்பாடத் திட்டம் இருக்கிறது, அதற்குத் தொடர்ந்த பயிற்சி வேண்டும். அந்த உலகத்தில் இருப்பவரைக் கேட்டால் “இடைவெளி விட்டால் நீ காலி” என்று சொல்லக்கூடும். குடும்பத்தோடு, நண்பர்களோடு ஆடுவதை வைத்துத்தான் நான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஐந்தாம் இடம்: ஒரு பக்கம் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, இன்னொரு பக்கம் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. ரெட் டெட் அழகில் நிகரில்லாதது, ஆனால் கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கிறது, கதை கேம் என்பதால் விட்சருக்குச் சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும். கவுண்டர் ஸ்ட்ரைக் எந்த ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும், டஸ்ட் 2 மேப்பின் மூலைமுடுக்கு எதுவும் மறக்கவில்லை. ஆனால் சுடுகிற வேகம் இடைவெளியில் போய்விடுகிறது, அதை மீட்கவே பல மாலைகள் தேவை. என் அளவுகோல்படி இரண்டுமே பாதி பாஸ். இப்போதைக்கு லேப்டாப்பில் இருப்பது கவுண்டர் ஸ்ட்ரைக்.

பிரெத் ஆஃப் தி வைல்ட் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2017-இல் வந்த அந்த செல்டா கேமை நண்பர் வீட்டு ஸ்விட்சில் கொஞ்சம் ஆடியிருக்கிறேன், மிகவும் பிடித்தது. ஆனால் அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு இன்னும் அமையவில்லை. இரவல் வாங்கியாவது அந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் பட்டியலில் அதற்கு ஓர் எண் கொடுப்பேன்.