கிரவுன் ஈதரா, கிரிப்டாண்டா?

உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் இந்த இரண்டு மூலக்கூறு வகைகளில், பொட்டாசியம் அயனியைப் பிடிக்க எது நல்லது? 1967இல் வேதியியலாளர் பெடர்சன் அறிவித்த கிரவுன் ஈதர்களில் 18-கிரவுன்-6 ஒரு வளையம். ஆறு ஆக்சிஜன்கள் அயனியைச் சுற்றி நிற்கும். மேலும் கீழும் திறந்தே கிடக்கும். வேதியியலாளர் லேன் குழுவின் 2.2.2 கிரிப்டாண்டோ முழுக் கூண்டு. ஆறு ஆக்சிஜனோடு இரண்டு நைட்ரஜனும் சேர்ந்து எல்லாப் பக்கமும் வளைத்துக்கொள்ளும். மெத்தனாலில் இதன் பிடி ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு வலுவானது. அயனிக்கேற்ற வடிவம் முன்பே பெரும்பாலும் அமைந்திருப்பது ஒரு முக்கியக் காரணம்.

சரி, கிரிப்டாண்டே போதுமா? அயனியைச் சவ்வு தாண்டிக் கடத்த வேண்டுமென்றால் அந்த இறுக்கமே தொல்லை, லேசில் விடாது. அமிலம் சேர்த்தால் நைட்ரஜன்கள் புரோட்டானை ஏற்று, பிடி தளரும். பென்சீனில் தானாகக் கரையாத பொட்டாசியம் பெர்மாங்கனேட் உப்பை அதில் கரைக்க மட்டும் என்றால் என் ஓட்டு கிரவுன் ஈதருக்கே: நிறமற்ற பென்சீன் ஊதாவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், விலையும் குறைவு.